தொழிலாளியின் குறை முதலில் யார் காதில் விழுகிறது? மனிதவளப் பணி பற்றி ஒரு விளக்கம்

சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறிய மறுநாள் எந்தத் தொழிற்சாலையிலும் வருகைப் பதிவும் சம்பளக் கணக்கும் பார்க்கும் டைம் ஆபீஸின் சன்னலில் கூட்டம் கூடுதலாக இருக்கும். எட்டு மணி நேர ஓவர்டைம் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை பஞ்ச் பதிவாகவில்லை, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் போன மாதத்தைவிட ஏன் கூடியது என்று ஒவ்வொருவரும் ஒரு கேள்வியோடு வந்து நிற்பார்கள். மனிதவளத் துறையில் என் முதல் மூன்று ஆண்டுகள் அந்தச் சன்னலுக்கு உட்புறம் கழிந்தன. பிறகு மேலே போனேன், பொறுப்புகள் கூடின. ஆனாலும் இந்தத் தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதியை அந்தச் சன்னல்தான் கற்றுக்கொடுத்தது.

ஒரு நிறுவனத்தில் மனிதவளத் துறை ஒழுங்காக இயங்குகிறதா என்று அறிய எனக்கு ஒரு கேள்வி போதும். அங்கே வேலை செய்பவருக்கு ஒரு குறை வந்தால் அதை முதலில் யாரிடம் சொல்கிறார்? மேற்பார்வையாளரிடமா, டைம் ஆபீஸிலா, சங்கத்திலா, டீக்கடையிலா, வாட்ஸ்அப் குழுவிலா? இந்தத் துறை பிறந்த கதையே இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

முதல் உலகப் போரின் இறுதி ஆண்டுகளில் சென்னை பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தார்கள். நீண்ட வேலை நேரம், சாப்பிடக்கூடப் போதாத இடைவேளை, மேற்பார்வையாளர்களின் கெடுபிடி. இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஆலைக்குள் ஆள் இல்லை. வெளியே கடை வைத்திருந்த செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு ஆகிய வணிகர்களிடம்தான் சொன்னார்கள். அந்தப் பேச்சு வளர்ந்து, அன்னி பெசன்ட்டின் தோழரான பி.பி. வாடியாவை எட்டியது. திரு.வி.க.வும் வந்து சேர்ந்தார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. இந்தியத் தொழிற்சங்க வரலாற்றில் முன்னோடியாகச் சொல்லப்படும் சங்கம் அது. ஆலைக்குள் கேட்கப்படாத குறை ஆலைக்கு வெளியே ஒரு கடைத் திண்ணையில் கேட்கப்பட்டது என்று நான் இதைப் படிக்கிறேன்.

அரசும் இதைக் கவனிக்காமல் இல்லை. தொழிலாளர் நிலையை ஆராய 1929-இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த விட்லி ஆணையம் 1931-இல் அறிக்கை தந்தது. ஆலைகளில் ஆள் எடுப்பதும் நீக்குவதும் மேஸ்திரி கையில் இருந்த காலம் அது. வேலை வேண்டுமென்றால் அவருக்குக் கொடுக்க வேண்டும். வேலை நிலைக்க வேண்டுமென்றாலும் கொடுக்க வேண்டும். இந்தப் பிடியை உடைக்க ஒவ்வொரு பெரிய ஆலையிலும் தொழிலாளர் அலுவலர் ஒருவர் வேண்டும், அவர் பொது மேலாளர் ஒருவருக்கு மட்டுமே கட்டுப்பட்டவராக இருக்க வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது. இன்று எச்.ஆர். என்று நாம் அழைக்கும் பதவிக்கு இந்தியாவில் இது ஒரு முக்கியமான தொடக்கம். லஞ்சம் வாங்கும் இடைத்தரகருக்கு மாற்றாகத் தொழிலாளி நேரே அணுகக்கூடிய ஒருவர் என்பதே அந்தப் பதவிக்குச் சொல்லப்பட்ட காரணம்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 49-ஆவது பிரிவில் இதைக் கட்டாயமாக்கியது. 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் இருந்தால் நல அலுவலர் வேண்டும். இப்போதைய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்திருக்கிறது. இந்தப் பதவியில் ஓர் இழுபறி தொடக்கத்திலிருந்தே உண்டு. சம்பளம் கொடுப்பது நிர்வாகம். கவனிக்க வேண்டியது தொழிலாளியின் நலன். நிர்வாகத்துக்குப் பிடிக்காத ஒன்றை நல அலுவலர் சொன்னால் அவர் வேலையே போய்விடலாம். அதனால்தான் அந்நாளைய பஞ்சாப் மாநில விதிகள், நிர்வாகம் தன்னை நீக்கினால் நல அலுவலர் மாநில அரசிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று வழி வைத்திருந்தன. ஏ.சி.சி. சிமெண்ட் நிறுவனத்து நல அலுவலர் ஒருவரின் வேலைநீக்கம் அந்த வழியாக உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அத்தகைய மேல்முறையீட்டை விசாரிக்கும்போது அரசு ஒரு தீர்ப்பாயமாகவே செயல்படுகிறது என்று 1960-களில் நீதிமன்றம் சொன்னது. நிர்வாக இயல் வகுப்புகளில் இந்த வழக்கை யாரும் பேசிக் கேட்டதில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு என்பது என் கருத்து. நாம் நிற்கும் இடம் எவ்வளவு வழுக்கலானது என்பதைச் சட்டமே ஒருகாலத்தில் உணர்ந்திருந்தது.

பிறகு பெயர்கள் மாறின. பணியாளர் துறை என்பது மனிதவள மேம்பாடு ஆயிற்று. 1975-இல் எல் அண்டு டி நிறுவனத்துக்காக அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் உதய் பரீக்கும் டி.வி. ராவும் வடிவமைத்த முறை இதற்கு முன்மாதிரி. ஒருவரின் செயல்திறனை மதிப்பிடுவது, அவருக்கு எந்தப் பயிற்சி வேண்டும் என்று கண்டறிவது, அவர் அடுத்து எங்கே வளரலாம் என்று பேசுவது ஆகியவை சம்பளக் கணக்கிலிருந்தும் தொழில் உறவுப் பேச்சுவார்த்தையிலிருந்தும் பிரிந்து தனி வேலையாயின. நல்ல சிந்தனை அது. தொழிலாளியை மேய்க்கப்படுபவராகப் பாராமல் வளரக்கூடியவராகப் பார்த்தது.

1997-இல் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவ் உல்ரிச் மனிதவளத் துறைக்கு நான்கு பாத்திரங்கள் உண்டு என்றார்: வணிக உத்தியில் பங்காளி, மாற்றத்தை நடத்துபவர், நிர்வாகப் பணிகளில் வல்லவர், ஊழியர்களுக்காக நிற்பவர். நான்கும் சேர்ந்துதான் துறை என்பது அவர் கருத்து. நடந்தது வேறு. பல நிறுவனங்கள் முதல் பாத்திரத்தின் பெயரை எடுத்து விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொண்டன. மூன்றாவதை, அதாவது சம்பளம், வருகைப் பதிவு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) வேலைகளை, மலிவாக முடித்துத்தரும் வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்தன. நான்காவது ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் குடும்ப விழாவாகச் சுருங்கிவிட்டது. வெளியே கொடுப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. கணினி நம்மைவிட நன்றாகக் கூட்டும். கேள்வி கேட்க வருபவர் நிற்கச் சன்னல் இல்லாமல் போனதுதான் என்னை வருத்துகிறது. டிக்கெட் எழுப்புங்கள், அதாவது புகாரைப் பதியுங்கள், 72 மணி நேரத்தில் பதில் வரும் என்கிறது செயலி. அந்தப் பதிலில் கையெழுத்தும் இல்லை, முகமும் இல்லை.

இதன் விலை என்னவென்று 2021 டிசம்பரில் தமிழ்நாடு பார்த்தது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சேர்க்கப்பட்ட தோழிகள் எப்படி இருக்கிறார்கள் என்பதற்கு மற்றவர்களுக்கு நம்பகமான பதில் கிடைக்கவில்லை. சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. இரவோடு இரவாகப் பெண்கள் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து அமர்ந்தார்கள். மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரி 12 அன்றுதான் மீண்டும் திறந்தது. சமையலறைச் சுகாதாரமும் விடுதி நெருக்கடியும் முதல் காரணங்கள், சந்தேகமில்லை. ஆனால் நோய் போராட்டமாக மாறிய அந்த மணி நேரங்களில் விடுதியில் நின்று, அந்தப் பெண்களுக்குத் தெரிந்த முகம் ஒன்று, இத்தனை பேர் இந்த மருத்துவமனையில் இருக்கிறார்கள், இதோ பேசுங்கள் என்று கைப்பேசியை நீட்டியிருந்தால் எவ்வளவோ மாறியிருக்கும். பெரம்பூரில் கடைத் திண்ணைக்குப் போன குறை, நூற்றுமூன்று ஆண்டுகள் கழித்து நெடுஞ்சாலைக்குப் போயிற்று. பின்னர் 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளுடன் சிப்காட் விடுதி திறக்கப்பட்டது. கட்டடம் வந்துவிட்டது. அங்கே தங்குபவர் சொல்வதைக் கேட்கும் ஆளை அந்தந்த நிறுவனம்தான் தர வேண்டும்.

மனிதவளச் சேவை என்பது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பிரஸ் பிரிவில் வேலை செய்த ஒரு தம்பி, ஊதிய உயர்வுக் கடிதத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். 20,600 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தவருக்கு ஏப்ரல் முதல் 21,500. மகிழ வேண்டியவர் கண் கலங்கி நின்றார். அவருடைய அம்மாவுக்கு இ.எஸ்.ஐ. மூலம் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. இ.எஸ்.ஐ. சம்பள வரம்பு 2017 முதல் மாதம் 21,000 ரூபாய். 900 ரூபாய் உயர்வு அவரை வரம்புக்கு வெளியே தள்ளிவிடும்.

எனக்கு உடனே பதில் தெரியவில்லை. எங்கள் டைம் ஆபீஸ் மூத்த எழுத்தர்தான் நாட்காட்டியை எடுத்தார். இ.எஸ்.ஐ.யில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம். அதற்கான பயன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. அதன் பயன் ஜூலை முதல் டிசம்பர் வரை. பங்களிப்புக் காலம் தொடங்கும் நாளிலேயே சம்பளம் வரம்பைத் தாண்டியிருந்தால் அந்தக் காலம் முழுவதும் அவர் வெளியே. தொடங்கிய பிறகு தாண்டினால் அந்தக் காலம் முடியும்வரை உள்ளேயே இருப்பார். ஆகவே ஏப்ரல் 1 முதல் உயர்வு கொடுத்தால் பயன் டிசம்பரோடு முடியும். மே 1 முதல் கொடுத்தால் செப்டம்பர் வரை பங்களிப்புத் தொடரும், பயன் அடுத்த ஆண்டு ஜூன் வரை நீளும். ஒரு மாத உயர்வான 900 ரூபாயை விட்டால் ஆறு மாதச் சிகிச்சை கூடுதலாகக் கிடைக்கும்.

நிர்வாகத்திடம் பேசி, அவருடைய எழுத்துப்பூர்வமான விருப்பத்தின்பேரில் உயர்வை மே மாதத்துக்கு மாற்றினோம். அந்த இடைவெளியில் அம்மாவை அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்க அவருக்கு அவகாசம் கிடைத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பிப்ரவரியிலும், உயர்வுப் பட்டியல் இறுதியாகும் முன், 21,000 எல்லையில் நிற்பவர்களின் பெயர்களைத் தனியே எடுத்து ஒவ்வொருவரையும் அழைத்துப் பேசுவது எங்கள் வழக்கமாயிற்று. எந்தப் பாடத்திட்டமும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. விதி எல்லாருக்கும் தெரிந்ததுதான். விதியையும் அந்தத் தம்பியின் வீட்டையும் ஒரே நேரத்தில் பார்த்தவர் அந்த எழுத்தர் ஒருவரே.

இப்போது சன்னலில் புதிய கேள்விகள் வருகின்றன. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வருவதாக ஒன்றிய அரசு அறிவித்தது. 29 பழைய சட்டங்கள் அவற்றுக்குள் அடங்குகின்றன. தொழிலாளியைச் சட்டென்று தொடும் மாற்றம் ஊதியம் என்ற சொல்லின் புதிய வரையறை. வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்ற விலக்கப்பட்ட இனங்கள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கணக்கிடப்படும்.

மொத்தம் 30,000 ரூபாய் வாங்கும் ஒருவரின் அடிப்படைச் சம்பளம் 10,000, மீதி எல்லாம் படிகள் என்று வைத்துக்கொள்வோம். பழைய கணக்கில் பத்து ஆண்டுப் பணிக்கொடை, அதாவது வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி, 10,000-ஐ 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, பத்தால் பெருக்கினால் சுமார் 57,692 ரூபாய். புதிய வரையறைப்படி ஊதியம் 15,000 ஆகிறது. பணிக்கொடை சுமார் 86,538. அதே நேரத்தில், இதுவரை அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் பி.எஃப். பிடித்திருந்தால் மாதப் பிடித்தம் 1,200 ரூபாயிலிருந்து 1,800 ஆகும். கைக்கு வருவது 600 குறையும். குறைந்ததை அவர் முதல் மாதமே பார்ப்பார். கூடியதைப் பார்க்கப் பல ஆண்டுகள் ஆகும். இந்த இரண்டையும் ஒரே தாளில் எழுதி, அவருடைய சொந்த எண்களை வைத்து, சம்பளம் ஏறுவதற்கு ஒரு வாரம் முன்பே விளக்கிவிட வேண்டும். ஏறிய பிறகு விளக்கினால் அது சாக்காகத்தான் ஒலிக்கும்.

இன்னொரு மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது. வேலையை விட்டவருக்கும் நீக்கப்பட்டவருக்கும் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்கிறது ஊதியத் தொகுப்பு. விலகியவரை 45 நாள், 60 நாள் அலையவிடுவதைப் பல இடங்களில் நடைமுறை என்றே சொல்லி வந்தோம். போகிறவர்தானே என்ற அலட்சியம் அது. இருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஒழுங்கு நடவடிக்கையில்தான் நம் தொழில் மிகக் கடுமையாகச் சோதிக்கப்படுகிறது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம், உள்விசாரணை, அறிக்கை என்று படிகள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும், முடிவை முதலில் எடுத்துவிட்டு விசாரணையை அதற்கு உடையாக மாட்டும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இளம் அலுவலர்களுக்கு ஒன்றைச் சொல்வேன். 1971-இல் தொழில் தகராறுகள் சட்டத்தில் சேர்ந்த 11-ஏ பிரிவு, தண்டனை அளவுக்கு மீறியது என்று கண்டால் அதை மாற்றும் அதிகாரத்தைத் தீர்ப்பாயத்துக்குத் தந்தது. உங்கள் அறிக்கையை ஒருநாள் முன்பின் தெரியாத நீதிபதி ஒருவர் படிப்பார் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் எழுதுங்கள். தமிழ்நாட்டில் இடைநீக்கத்தில் இருப்பவருக்கு முதல் 90 நாட்கள் பாதி, அடுத்த 90 நாட்கள் முக்கால், அதன் பிறகு முழுச் சம்பளம் பிழைப்பூதியமாகத் தர வேண்டும் என்று 1981-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்தது. விசாரணையை இழுத்தடிப்பவருக்குச் செலவு ஏற வேண்டும் என்ற நல்ல எண்ணம் அதில் தெரிகிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டத்தின் கீழ் வரும் புகார்களில் இன்னும் ஒரு கடமை கூடுகிறது: வாயைக் காப்பது. புகார் தந்த பெண்ணின் பெயர் கேன்டீனில் அடிபட்டுவிட்டால், அடுத்த பெண் புகார் தர வரமாட்டார். குழு இருக்கும், பதிவேடு இருக்கும், புகார் எதுவும் இல்லை என்று ஆண்டறிக்கையும் போகும்.

இந்தத் தொழிலில் ஒருவர் எப்படி வளர்வது? படிப்பு வேண்டும்தான். மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் 1952-இல் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி, தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் போன்றவை தலைமுறை தலைமுறையாக ஆட்களைத் தந்திருக்கின்றன. அங்கே படித்தவர்களிடம் நான் கண்ட சிறப்பு, அவர்கள் வேலையிடத்தை முதலில் சமூகமாகப் பார்க்கப் பழகியிருந்தார்கள். சான்றிதழ்களைக் குவிப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கணினி உடனே சொல்லிவிடும் பணிக்கொடையை மாதம் ஒருமுறையாவது பேனாவால் போட்டுப் பாருங்கள். எந்த எண் எங்கிருந்து வருகிறது என்பது அப்போதுதான் கைக்குப் பிடிபடும். உங்கள் நிறுவனத்தின் நிலையாணைகளை, அதாவது வேலை விதிகளின் தொகுப்பை, முழுவதும் படியுங்கள்; அதைப் படித்த மேலாளர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

தொழிலாளர் துறை அலுவலகத்தில் சமரசப் பேச்சு நடக்கும் நாளில் மூத்தவரோடு போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். சமரச அலுவலர் முன்னிலையில் எழுதப்படும் ஒப்பந்தத்தின் (பழைய தொழில் தகராறுகள் சட்டப்படி 12(3) ஒப்பந்தம்) ஒரு வரிக்காக இரு தரப்பும் மூன்று மணி நேரம் பேசுவதைக் கேட்டால், சொல்லுக்கு எவ்வளவு எடை என்பது விளங்கும். சங்கத் தலைவர்களை எதிரிகளாக எண்ணிக்கொண்டு வேலைக்கு வந்தவன் நான். தொழிற்சட்டத்தைப் பற்றி எனக்கு மிகத் தெளிவாகச் சொல்லித்தந்தவர் ஒரு சங்கச் செயலாளர்.

மாதம் ஓர் இரவு ஷிஃப்டில் முழுநேரமும் இருங்கள். பகலில் கேட்காதவை அப்போது கேட்கும்: கேன்டீன் சோறு இரண்டு மணிக்குள் ஆறிவிடுவது, கம்பெனி பஸ் கடைசி நிறுத்தத்துக்கு முன்பே பெண்களை இறக்கிவிடுவது, முதலுதவிப் பெட்டியின் சாவி பகல்நேர ஊழியரின் சட்டைப்பையில் போய்விடுவது. இப்போது கோவையிலும் ஒரகடத்திலும் ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் மொழியில் நாற்பது வாக்கியங்கள் கற்றுக்கொண்டாலே போதும், சன்னலுக்கு வரத் தயங்குபவர் வருவார். மொழிபெயர்க்க காண்ட்ராக்டரின் ஆளையே அழைத்து வைத்துக்கொண்டால், காண்ட்ராக்டரைப் பற்றிய குறை எப்படி நம்மிடம் வரும்?

நான் தவறிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலையில் இருக்கும்போதே ஒரு வெல்டர் சாலை விபத்தில் இறந்துபோனார். அவருடைய மனைவி பி.எஃப். பணத்துக்காக வந்தார். தனக்குப் பின் பணம் யாருக்கு என்று எழுதித்தரும் நியமனப் படிவத்தில் (நாமினேஷன்) திருமணத்துக்கு முன் எழுதிய அப்பாவின் பெயர் மட்டுமே இருந்தது. ஆதாரில் ஊர்ப் பெயர் ஒன்று, எங்கள் பதிவில் இன்னொன்று. திருத்தங்களுக்கே பல மாதங்கள் போயின. அதைவிட என்னைச் சுட்டது வேறு. தொழிலாளியிடம் ஒரு ரூபாய்கூடப் பிடிக்காமல், நிறுவனம் கட்டும் பங்களிப்பிலேயே இயங்கும் இ.டி.எல்.ஐ. காப்பீட்டில் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் என்பதும், மனைவிக்கு மாத ஓய்வூதியம் உண்டு என்பதும் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கவில்லை. எங்கள் அலுவலகத்திலிருந்து யாரும் அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லவும் இல்லை. அப்போது அந்த அலுவலகத்தின் பொறுப்பு என்னிடம் இருந்தது.

இப்போது ஒவ்வொரு ஜனவரியிலும், பொங்கல் விடுமுறைக்கு ஊர் போகும் முன், ஒவ்வொருவரின் நியமனப் பதிவையும் அச்செடுத்து அவர் கையில் கொடுக்கிறோம். திருத்தம் இருந்தால் அங்கேயே எழுதித் தருவார். இன்னொரு தாளில் பி.எஃப்., இ.எஸ்.ஐ., காப்பீடு, ஓய்வூதியம் ஆகியவற்றின் எண்களும், வீட்டில் உள்ளவர்கள் அழைக்க டைம் ஆபீஸ் தொலைபேசி எண்ணும் அவரவர் மொழியில் இருக்கும். அதை வீட்டு அலமாரியில் ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வைக்கச் சொல்லி அனுப்புகிறோம்.